எந்த இடத்தில் கட் ஆனது?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செல்பேசி நெட்வொர்க்கில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். "சிக்னல் ஃபுல்லா இருக்கு தம்பி. பேசிட்டே இருக்கும்போது கட் ஆயிடுது. ஏன் இப்படி?" என்பார்கள். நான் உடனே திருப்பிக் கேட்பது, "எந்த இடத்துல கட் ஆச்சு?" என்பதுதான். "எல்லா இடத்துலயும்தான்" என்று முதலில் பதில் வரும். கொஞ்சம் நிதானமாக விசாரித்தால், பெட்ரோல் பங்கைத் தாண்டி ரயில்வே கேட் வருவதற்குள், அதுவும் டவுனிலிருந்து வீட்டுக்குப் போகும்போது மட்டும் என்று தெரியவரும்.

பழுது பார்க்கிறவனுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பதில். நின்றுபோன ஒவ்வொரு அழைப்பும் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு டவரில், குறிப்பிட்ட காரணத்தால் நின்றிருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்தால் காரணம் அகப்படும். மாநிலம் முழுக்கக் கூட்டி வகுத்த சராசரியில் தேடினால் எதுவும் அகப்படாது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் அதை நீங்கள் நம்ப வேண்டுமென்றால், கால் எப்படி நிற்கிறது என்பதை முதலில் விளக்க வேண்டும்.

போன் திரையில் தெரியும் கோடுகளிலிருந்து தொடங்குகிறேன். டவர் சொல்வது உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டும். உங்கள் போன் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. டவர் ஓர் அலைவரிசைக்கு இருபது, நாற்பது வாட் என்று ஒலிபரப்பும். உங்கள் கையில் இருப்பதோ பழைய 2ஜி போனாக இருந்தால் அதிகபட்சம் 2 வாட். 4ஜி போன் என்றால் 0.2 வாட். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டவரில் நல்ல ஆன்டெனாவும் நுட்பமான ரிசீவரும் வைத்திருக்கிறார்கள். அந்த ரிசீவரின் காதில் இரைச்சல் விழுந்துவிட்டால், போனில் எத்தனை கோடு நின்றாலும் பேச்சு போய்ச் சேராது. "நீங்க பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது உங்களுக்குக் கேக்கலையா?" என்று கத்துகிறோமே, அது பெரும்பாலும் இந்த மேல்நோக்கிய பாதையில் வரும் கோளாறு.

சரி, இணைப்பு அறுந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? 2ஜியில் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முறை, துல்லியமாகச் சொன்னால் 480 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, டவர் போனுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்பும். அதைப் படிக்க முடியாவிட்டால் போன் தன்னிடமுள்ள ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கும். படிக்க முடிந்தால் இரண்டைக் கூட்டும். எண் பூஜ்யத்தைத் தொட்டதும் இணைப்பு முடிந்ததாக அறிவித்துவிடும். தொடக்க எண்ணை நிறுவனம் 4 முதல் 64 வரை வைத்துக்கொள்ளலாம். 16 வைத்தால் எட்டு விநாடிக்குள் கால் நின்றுவிடும். 64 வைத்தால் முப்பது விநாடி வரை நிற்காது. அந்த முப்பது விநாடியும் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்று வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் அலுத்துப்போய் நீங்களே சிவப்புப் பொத்தானை அழுத்துவீர்கள். நெட்வொர்க்கின் பதிவேட்டில் அந்தக் கால் முறையாக முடிந்த கால் என்று எழுதப்படும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும். (4ஜியில் ஏற்பாடு வேறு. காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு விநாடிதான். அறுந்தபின் மறுபடி ஒட்டிக்கொள்ளவும் போன் முயற்சி செய்யும்.)

அடுத்தது ஹேண்டோவர், அதாவது நடந்துகொண்டிருக்கும் பேச்சை ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றுவது. கால் டிராப் என்றால் பாதி வேலை இதில்தான். ஊரைச் சிறுசிறு செல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வைக்கலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் பேசிக்கொண்டே ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவரின் பேச்சு அறுபடாமல் எப்படி மாற்றுவது? அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல் அதற்கான இணைப்பக முறைக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். செல்பேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் மார்ட்டின் கூப்பர் பெயரைச் சொல்வார்கள். ஜோயல் பெயரும் பள்ளிப் பாடத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை. அவர் தீர்த்த சிக்கலைத் தீர்க்காமல் இன்று யாரும் பேருந்தில் உட்கார்ந்து போனில் பேச முடியாது.

ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்குக் குழந்தையை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 3ஜியில் வாங்குகிறவர் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொடுக்கிறவர் விடுவார். சற்று நேரம் இருவர் கையிலும் குழந்தை இருக்கும். 2ஜியிலும் 4ஜியிலும் அப்படிக் கிடையாது. விட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும். இடைவெளி கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. ஆனாலும், யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். அதற்காக ஒவ்வொரு செல்லுக்கும் நெய்பர் லிஸ்ட் என்று ஓர் அண்டை வீட்டுப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். 2ஜியில் போன் அந்தப் பட்டியலில் உள்ள செல்களை அளந்து, வலுவான ஆறைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். பட்டியலில் இல்லாத செல் எவ்வளவு பலமாக இருந்தாலும் போன் அதை ஏறெடுத்தும் பார்க்காது.

இதில் நான் பார்த்த ஒரு பழுதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2ஜி காலம். ஒரு மாவட்டத் தலைநகரின் புறவழிச்சாலை. பால் வண்டி ஓட்டுநர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். விடிகாலையில் ரைஸ் மில்லைத் தாண்டியதும் தினமும் கால் கட் ஆகிறது, திரும்பி வரும்போது ஆவதில்லை என்று எழுதியிருந்தார். அந்த மாவட்டத்தின் மாதாந்தர அறிக்கையில் எந்தக் குறையும் தெரியவில்லை. கால் டிராப் விகிதம் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் "திரும்பி வரும்போது ஆவதில்லை" என்ற வாக்கியம் இருக்கிறதே, அது ஒரு பொறியாளர் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். கவரேஜ் இல்லாத பள்ளம் என்றால் போகும்போதும் வரும்போதும் அறுந்திருக்க வேண்டும். அதிகாலையில் நெரிசலும் கிடையாது. ஒரு திசையில் மட்டும் அறுகிறது என்றால், ஒரு பக்கத்துப் பட்டியலில் மட்டும் ஆள் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அலுவலகக் கணினியில் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. டவரில் மூன்று செக்டர், ஒவ்வொன்றும் ஒரு தனிச் செல். ஒன்று வடக்கே பார்க்கிறது, இரண்டாவது தென்கிழக்கே, மூன்றாவது தென்மேற்கே. ரைஸ் மில் தென்கிழக்கில் இருக்கிறது. இரண்டாவது செக்டரின் பட்டியலில் மில்லுக்கு அப்பால் இருக்கும் அடுத்த டவர் இருக்கிறது. பிறகு ஏன் அறுகிறது?

டிரைவ் டெஸ்ட் போனோம். காரின் கூரையில் ஜிபிஎஸ், பின் இருக்கையில் மடிக்கணினி, அதோடு இணைத்த போன்கள். ஒரு போன் தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்கும். எந்தச் செல்லில் இருக்கிறது, எவ்வளவு பலம், எவ்வளவு தரம் என்பதெல்லாம் திரையில் ஓடும். நேரே மில்லுக்குப் போகாமல் முதலில் டவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தோம். வடக்குப் பக்கம் போனபோது திரையில் இரண்டாவது செக்டரின் எண் வந்தது. தென்கிழக்கே திரும்பியபோது முதல் செக்டரின் எண். பழுது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

டவரில் ஏறிப் பார்க்க ரிக்கரை அனுப்பினோம். கீழே கருவி அறையிலிருந்து மேலே ஆன்டெனாவுக்குப் போகும் ஃபீடர் கேபிள்கள் தடிமனாக, கறுப்பாக, ஒன்றுபோல இருக்கும். எது எந்தச் செக்டருக்கு என்று தெரிவதற்காக இரண்டு முனையிலும் வண்ண டேப் சுற்றுவார்கள். கீழே சிவப்பு சுற்றியிருந்த கேபிளில், மேலே, வெயிலில் வெளுத்துப்போன டேப்பைச் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள். மழைக்கு முன்பு ஆன்டெனா மாற்றிய நாளில் இரண்டு கேபிள்களை மாற்றிச் செருகிவிட்டார்கள். அதனால் வடக்குச் செக்டரின் ஒலிபரப்பு தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் பட்டியலில் இருந்ததோ வடக்கத்தி அண்டை வீடுகள். மில்லைத் தாண்டிய போனுக்கு, கண்ணெதிரே நிற்கும் டவரைப் பற்றிச் சொல்ல அனுமதி இல்லை. எதிர்ப்புறத்து டவரின் பட்டியலில் மட்டும் இந்த டவரின் மூன்று செக்டரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதனால்தான் திரும்பி வரும்போது பேச்சு அறுபடவில்லை. கேபிள்களை மாற்றிச் செருகி, கனெக்டர்களை இறுக்கி, தண்ணீர் புகாத டேப் சுற்றி முடிக்க ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. அந்த ஓட்டுநர் இடத்தையும் திசையையும் எழுதியிராவிட்டால் அந்தப் பழுது இன்னும் எவ்வளவு காலம் கிடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

4ஜியில் போனே புதிய அண்டைச் செல்லைக் கண்டுபிடித்துச் சொல்ல, நெட்வொர்க் தானாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. பெரிய உதவிதான். ஆனால் 4ஜியில் செல்களுக்கு அடையாளமாக இருப்பவை 504 எண்கள் மட்டுமே. டவர்கள் நெருங்கிய ஊரில் அதே எண் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் ஒரே எண்ணோடு இரண்டு செல் அமைந்துவிட்டால், ஒன்றுக்குப் போகவேண்டிய கால் இன்னொன்றின் வாசலில் போய் நிற்கும். இதையும் அந்த இடத்தில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரைச்சல் பற்றிச் சொன்னேன். அதற்கு நம் ஊர்க் கடைவீதியிலேயே உதாரணம் கிடைக்கும். கடைக்குள் சிக்னல் இல்லை என்று ஆன்லைனில் ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டுவார்கள். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி. கடைக்குள் போன் நன்றாக எடுக்கும். ஆனால் தரமற்ற அந்தப் பெட்டி ஓயாமல் டவரை நோக்கி இரைச்சலை அனுப்பிக்கொண்டே இருக்கும். சில சமயம் தன் ஒலிபரப்பைத் தானே வாங்கித் திரும்ப அனுப்பி, மேலும் மேலும் பெருக்கும். அந்த டவரில் இருக்கும் எல்லோரின் குரலும் அதில் மூழ்கிப்போகும். ஜவுளிக்கடை, நகைக்கடை, தங்கும் விடுதி என்று நாங்கள் கையில் திசை காட்டும் ஆன்டெனாவும் அலைமானியும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கிறோம். ஒரு மாடியில் அந்தப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தபோது, டவரின் இரைச்சல் அளவு திரையில் செங்குத்தாக இறங்கியது. மாட்டியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இது தெரியாது. அனுமதி இல்லாமல் இதை வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அதே தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108-ஐ அழைக்கும்போது அந்த அழைப்பும் மூழ்கும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவின் சாய்மானம்: 30 மீட்டர் உயரத்து ஆன்டெனாவை 2 டிகிரி சாய்த்தால் அதன் நடுக்கற்றை ஏறத்தாழ 860 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 6 டிகிரி சாய்த்தால் 285 மீட்டரிலேயே தொட்டுவிடும். சூறைக்காற்றில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். சென்னையின் ஓஎம்ஆர் போன்ற சாலைகளில் பதினைந்தாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. அங்கே எல்லா டவரும் தெரியும், எதுவும் ஓங்கித் தெரியாது. போன் அங்குமிங்கும் தாவிக்கொண்டே இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர்களில் துருவை ஏற்றும். துருப்பிடித்த இணைப்பு வழியாக இரண்டு அலைவரிசைகள் போனால், கலந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கி, டவரின் காதிலேயே இரைச்சலாகக் கொட்டும். லிஃப்டுக்குள் அறுவதற்கு மட்டும் யாரையும் குறைசொல்ல முடியாது. உள்ளே தனியாக ஆன்டெனா வைக்காதவரை நான்கு பக்கமும் இரும்பு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், கால் டிராப் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தது. நீண்டகாலம் அது ஒரு தொலைத்தொடர்பு வட்டம் முழுமைக்குமான மாதச் சராசரி. ஆயிரக்கணக்கான செல்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடினால், ரைஸ் மில் சாலை அந்த எண்ணில் கரைந்துபோகும். 2015-இல் மக்களின் கோபம் பெரிதானபோது, அறுந்த ஒவ்வொரு காலுக்கும் 1 ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்படி டிராய் அக்டோபரில் விதி கொண்டுவந்தது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டியது. தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2016 மே 11 அன்று ரத்து செய்தது. 2 சதவீத வரம்புக்குள் இருக்கும் நிறுவனமும் தண்டிக்கப்படுகிறதே, எல்லாத் துண்டிப்பும் நிறுவனத்தின் தவறு ஆகாதே என்பவை நீதிமன்றம் சுட்டிக்காட்டியவை. ஒரு ரூபாய் கிடைக்காமல் போனதே என்று அன்று பலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த ரூபாய் வந்திருந்தாலும் மில் சாலையில் மாற்றிச் செருகிய கேபிள் அப்படியேதான் இருந்திருக்கும்.

அதே காலத்தில்தான் நான் முன்பு சொன்ன அந்த எண்ணைப் பற்றிய குற்றச்சாட்டும் எழுந்தது. காத்திருக்கும் நேரத்தை நீட்டி வைத்து, மக்களே அழைப்பை முடிக்கும்படி செய்து, துண்டிப்பை மறைக்கிறார்கள் என்று சொன்னார்கள். டிராய் அதை ஆராயவும் செய்தது. காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதே தவறு என்று சொல்லமாட்டேன். மலைப்பாதையிலும் ரயிலிலும் சில விநாடி பொறுத்தால் சிக்னல் திரும்ப வந்துவிடும், பேச்சு பிழைக்கும். ஆனால் கணக்குக்காக அதை நீட்டுவது மக்களை ஏமாற்றும் வேலை. அதைக் கடுமையாகத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய மாற்றம் வந்தது 2017 அக்டோபர் 1 அன்று. அன்றுமுதல் சராசரி போய், 90 சதவீதச் செல்கள், 90 சதவீத நாட்களில், 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற முறை வந்தது. நெரிசல் மிகுந்த நேரத்துக்குத் தனி வரம்பும் வைத்தார்கள். செல்லையும் நாளையும் எண்ண ஆரம்பித்தபோதுதான் இடம் என்பது கணக்குக்குள் நுழைந்தது. இதை நான் மனதார வரவேற்றேன். ஆனால் மீதிப் பத்து சதவீதச் செல்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஊர் ஓரத்திலும், மலையடிவாரத்திலும், ஒற்றை டவரை நம்பியிருக்கும் கிராமத்திலும்தான் இருக்கும். ஒவ்வொரு மாதமும் அதே செல்கள் அந்தப் பத்துக்குள் வந்தால், அங்கே இருப்பவர்களுக்கு இந்த விதியால் பயன் இல்லை. தொடர்ந்து மோசமாக இருக்கும் செல்களின் பட்டியலை ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. நிறுவனங்களிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் பொறியாளர்கள் முதலில் திறப்பதே அதைத்தான்.

ஒன்றை மக்கள் பக்கமும் சொல்லியாக வேண்டும். டவர் வேண்டாம் என்று மனு கொடுத்த தெருவிலிருந்தே கால் டிராப் புகாரும் வரும். கதிர்வீச்சு பயம் எனக்குப் புரிகிறது. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் டவர்களுக்கான வரம்பு சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அதோடு, போன் தன் சக்தியைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டவர் அருகில் இருந்தால் சில மில்லிவாட் போதும். தொலைவில் இருந்தால், காதோடு ஒட்டியிருக்கும் அந்தக் கருவி முழுச் சக்தியில் கத்தும். டவரைத் தெருவை விட்டு விரட்டுவதால் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபரப்பு கூடத்தான் செய்கிறது. வரம்பை மீறுகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்; அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது.

புகார் எப்படிக் கொடுப்பது? முதலில் நிறுவனத்தின் சேவை மையம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கும் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். "உங்கள் சேவை மோசம்" என்று எழுதினால் மன்னிப்புக் குறுஞ்செய்தி வரும். இடம், மணி, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள், குரல் நின்றபின் எவ்வளவு நேரம் மௌனம், அறுவதற்கு முன் யாருக்கு யார் குரல் கேட்கவில்லை என்று எழுதினால் அது பொறியாளரின் மேசைக்கு வரும். வந்தால் அவரால் தட்டிக்கழிக்க முடியாது.

வாசலில் நம் ஊரின் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் வண்ணப் பேனாக்கள் இருக்கின்றன. நிறுவனத்துக்கு ஒரு நிறம், மேலே எழுதி வைத்திருக்கிறோம். எங்கே கட் ஆகிறதோ அங்கே புள்ளி வையுங்கள்; போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி, பக்கத்தில் மணி. ஒரே நிறத்தில் மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்தாலே அந்த டவர் எது என்று என்னால் சொல்லிவிட முடியும். அதை அந்தந்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அனுப்ப நூலகர் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.